பகைவனை விட்டுவந்த பூச்சிகள்

சொந்த நாட்டில் அடங்கிக் கிடக்கும் ஒரு பூச்சி, கடல் கடந்து வந்ததும் பயிரையே பாழாக்குவது ஏன்? அங்கே தன்னைத் தின்று அடக்கிவைத்த பகைவர்களை அது விட்டுவிட்டு வருவதால்தான். இதை மனிதன் பயன்படுத்திக்கொண்ட வரலாறு சுவையானது.

1868ஆம் ஆண்டளவில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஒரு செதில் பூச்சி வந்து சேர்ந்தது. பஞ்சு போன்ற முட்டைப்பையைச் சுமக்கும் இப்பூச்சியால் இருபதே ஆண்டுகளில் ஆரஞ்சுத் தோட்டங்கள் அழியும் நிலைக்கு வந்தன. 1888இல் ஆல்பர்ட் கோபெல் என்னும் பூச்சியியலார் அதன் பகைவனைத் தேடி ஆஸ்திரேலியா சென்றார். முதல் மூன்று தவணைகளில் அவர் அனுப்பியவை 129 பொறிவண்டுகளே! அவை பல்கிப் பெருகித் தோட்டங்களை மீட்டன.

அதே செதில் பூச்சி 1928இல் நம் நீலகிரியில் சீகை மரங்களில் காணப்பட்டது. மறு ஆண்டு அதே பொறிவண்டு இங்கும் வரவழைக்கப்பட்டது.

2008இல் கோவைப் பகுதியில் மற்றொரு விருந்தாளி தோன்றியது. அது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என எல்லாவற்றிலும் வெள்ளை மாவாகப் படர்ந்தது. மருந்து தெளிக்கலாமே என்கிறீர்களா? அதன் உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடுவதில்லை. மல்பெரி இலையில் மருந்து பட்டால் பட்டுப்புழுக்கள் மாண்டுவிடும்.

2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. தனிமையில் வைத்துச் சோதித்த பின்னர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வழங்கியது. அவற்றுள் சிறப்பாக வேலை செய்தது, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத 'அசெரோபேகஸ் பப்பாயே' என்னும் குளவி. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். வெளிவரும் புழு, பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஓராண்டுக்குள் மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கியது.

ஆனால் இந்தத் துணைவர்களையும் நாம் காக்க வேண்டும். 1940களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் டி.டி.டி. தெளித்தபோது பொறிவண்டுகள் மடிந்தன. அடங்கியிருந்த செதில் பூச்சி மீண்டும் தலைதூக்கியது!

ஆகவே, வேங்கிக்காலிலோ உங்கள் ஊரிலோ பப்பாளி இலையடியில் மாவுப்பூச்சியைக் கண்டால் உடனே தெளிப்பானை எடுக்காதீர்கள். உடல் உப்பி, துளை விழுந்த பூச்சிகள் உண்டா என்று உற்றுப் பாருங்கள். இருந்தால், குளவி தன் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.