கே-ஹார்னெட்

கே-ஹார்னெட் என்பது .22 ஹார்னெட் தோட்டாவிலிருந்து உருவான ஒரு வைல்டுகாட் தோட்டா ஆகும். ஆலைகள் வழக்கமாக உற்பத்தி செய்யாத, ஆர்வலர்களும் துப்பாக்கிக் கம்மியர்களும் தாமே வடிவமைக்கும் தோட்டாக்கள் வைல்டுகாட் எனப்படுகின்றன. அமெரிக்கரான லைல் கில்போர்ன் இதனை 1940இல் வடிவமைத்தார். பெயரிலுள்ள "கே" அவரைக் குறிக்கும். ஹார்னெட்டும் 1920களில் வைல்டுகாட்டாகவே தோன்றியது. 1930இல் வின்செஸ்டர் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஹார்னெட் துப்பாக்கியின் தோட்டா அறையை ரீமர் கொண்டு சற்று அகலப்படுத்தினாலே போதும். அவ்வறையில் சாதாரண ஹார்னெட் தோட்டாவைச் சுடும்போது வளிம அழுத்தத்தால் பித்தளைக் கூடு விரிந்து, அறையின் வடிவத்தைப் பெறும். பக்கச் சரிவு குறைந்து தோள் கூர்மையாவதால் வெடிமருந்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. எனினும் வேக அதிகரிப்பு சிறிதே. விரிந்த கூடு பழைய அறையில் நுழையாது. ஆதலால் குழலின் மீது புதிய பெயரைப் பொறித்தல் இன்றியமையாதது.

ஹார்னெட் கூட்டின் அடியில் விளிம்பு உண்டு. தோட்டாப் பெட்டியில் அடுக்கினால் விளிம்புகள் ஒன்றில் ஒன்று சிக்கக்கூடும். ஒவ்வொரு தோட்டாவையும் கையாலேயே இடும் ஒற்றைச் சுடு துப்பாக்கியில் இத்தொல்லை இல்லை. இதனால் வின்செஸ்டர் 1885 போன்ற பழைய துப்பாக்கிகள் இவ்வகைத் தோட்டாக்களுக்கு மாற்றியமைக்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பல கரும்வெடிமருந்துக் காலத்து எஃகால் ஆனவை. புகையிலா வெடிமருந்தின் உயர் அழுத்தத்தை அவை தாங்குமா என்பதைத் தேர்ந்த கம்மியர் ஆராயாமல் மாற்றுவது சுடுபவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.