ஃபயர்ஃபாக்ஸ்

மொசில்லா அறக்கட்டளைக்கு உரிய இணைய உலாவி. இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். முதல் முழுப் பதிப்பு 2004 நவம்பர் 9 அன்று வெளியானது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த காலத்தை முடித்துவைத்த மென்பொருள் இது.

இதன் வேர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருக்கிறது. 1994 இறுதியில் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் பெரும்பாலோருக்கு இணையத்தின் வாசல். அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் தன் உலாவியை வெளியிட்டு, இலவசமாக்கி, பின்னர் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கத் தொடங்கியது. கணினியோடு ஓர் உலாவி வந்துவிட்டால் இன்னொன்றைத் தேடுவோர் குறைவு. 1998 மே மாதம் அமெரிக்க அரசு இதற்காக வழக்குத் தொடுத்தது. தீர்ப்பு வருவதற்குள் நெட்ஸ்கேப் தோற்றுப்போயிருந்தது. ஆனால் அதே ஆண்டு மார்ச் 31 அன்று அது தன் மூல நிரலைப் பொதுவில் வைத்திருந்தது. மொசில்லா திட்டம் அப்படித்தான் தொடங்கியது. பழைய நிரலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, பக்கங்களைத் திரையில் வரையும் கெக்கோ எஞ்சினைப் புதிதாக எழுதினார்கள். அதனால் மொசில்லா 1.0 வெளிவர 2002 ஜூன் ஆகிவிட்டது.

எதிர்ப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. 2001இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தபின் அடுத்த பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அதிலிருந்த ஆக்டிவ்எக்ஸ் வசதி, வலைப்பக்கம் அனுப்பும் நிரலைப் பயனரின் முழு உரிமையோடு கணினியில் ஓடவிட்டது. 2004 ஜூனில் தாக்குபவர்கள் பல வலைத்தளங்களின் வழங்கிகளுக்குள் புகுந்து தீநிரலை வைத்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அப்பக்கங்களைத் திறந்தாலே போதும், கணினி பாதிக்கப்பட்டது. தற்காப்பு வழிகளில் ஒன்றாக வேறு உலாவியைப் பயன்படுத்துவதையும் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே குறிப்பிட்டது. ஐந்து மாதத்தில் மொசில்லா திட்டத்திலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. அதில் ஆக்டிவ்எக்ஸ் இல்லை. தானாகத் திறக்கும் விளம்பரச் சாளரங்களைத் தடுத்தது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்க விட்டது. டிசம்பரில் பயனர்களே பணம் திரட்டி நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் கொடுத்தார்கள். பணம் தந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் அதில் பொடி எழுத்தில் அச்சாயின.

தமிழ் வாசகர்களுக்கு இதன் முற்பதிப்புகள் தொல்லையும் தந்தன. இருபுறமும் சீராக்கிய பத்திகளில் கொம்பும் காலும் மெய்யை விட்டுத் தனித்தனியே சிதறி, படிக்க முடியாமல் போகும். பல வலைப்பதிவுகள் அப்படித்தான் தெரிந்தன. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தீர்த்தது. அப்பதிப்பு ஒரே நாளில் 80,02,530 முறை தரவிறக்கப்பட்டு கின்னஸ் சாதனையும் ஆயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. ஒரு பக்கத்தில் புகுந்த தீநிரல் கணினியைத் தொடாதபடி ஒவ்வொன்றையும் வேலிக்குள் தனித்தனியே ஓடவிடும் அமைப்பு அதில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் இதில் பின்தங்கியது என்பதை மறுக்க முடியாது. பல செயல்முறைகளாகப் பிரித்து இயக்கும் முறை அதன் பொதுப் பயனர்களுக்கு 2016இல்தான் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் நினைவகப் பிழைகளை, நிரலைத் தொகுக்கும்போதே தடுக்கும் ரஸ்ட் நிரல்மொழியை வளர்த்தது மொசில்லாதான். 2017 நவம்பரில் வந்த குவாண்டம் பதிப்பில் அம்மொழியில் எழுதிய பகுதிகள் இடம்பெற்றன.

இன்று ஓர் உலாவியைத் தேர்ந்தெடுப்பவர் பெயரைவிட எஞ்சினைப் பார்ப்பது நல்லது. ஓபரா 2013இலும் மைக்ரோசாப்ட் எட்ஜ் 2020இலும் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்துக்கு மாறிவிட்டன. பிரேவ், விவால்டி ஆகியவையும் அதன்மேல் கட்டப்பட்டவை. குரோமியமும் திறமூலம்தான். ஆகவே நிரல் திறந்திருப்பது மட்டும் போதாது, அதன் போக்கை யார் தீர்மானிக்கிறார் என்பதும் முக்கியம். குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியபோது, விளம்பரத் தடுப்பானாகிய யூபிளாக் ஆரிஜின் அங்கே நின்றுபோயிற்று. ஃபயர்ஃபாக்ஸில் தொடர்ந்து இயங்குகிறது.

பரவலாகப் பயன்பாட்டிலுள்ள எஞ்சின்கள் மூன்று. குரோமியத்திலுள்ள பிளிங்க்கை கூகுளும் வெப்கிட்டை ஆப்பிளும் நடத்துகின்றன. லாபநோக்கற்ற அறக்கட்டளையிடம் இருப்பது கெக்கோ ஒன்றே. மொசில்லாவின் வருவாயின் பெரும்பகுதியும் கூகுளுடன் செய்துகொண்ட தேடுபொறி ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது.