வழிப்பறியும் திருட்டு வாகனமும்: மேல்முறையீட்டில் எழுப்ப வேண்டிய கேள்விகள்

கீழ்பென்னாத்தூர் – திருவண்ணாமலை சாலையில் ஓர் இரவு இருசக்கர வாகனம் பறிக்கப்பட்டதாகக் கொள்வோம். சில நாட்களில் இருளர் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கைதாகிறார். அவரது வாக்குமூலத்தின்பேரில் வாகனம் மீட்கப்பட்டதாக மகஜர் எழுதப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் கையொப்பமிடுகின்றனர். வழிப்பறி, திருட்டுப் பொருளை வைத்திருத்தல் ஆகிய இரண்டுக்கும் தண்டனை விதிக்கப்படுகிறது. இத்தகைய தீர்ப்பை எதிர்ப்போர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

முதலாவது, குற்றத்தின் கூறுகள். திருட்டுக்காக வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ நிகழ்ந்தால்தான் அது வழிப்பறி (பழைய சட்டத்தில் பிரிவு 392, பாரதிய நியாய சன்ஹிதாவில் 309). வாகனம் கையில் இருந்தது என்பது மட்டும் வன்முறையை மெய்ப்பிக்காது. திருட்டுப் பொருள் குற்றத்திற்கோ (411; இன்று 317) அது திருடப்பட்டது என்று அறிந்திருந்ததோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்ததோ மெய்ப்பிக்கப்பட வேண்டும். திருட்டு நடந்த சிறிது காலத்திற்குள் பொருளை வைத்திருப்பவர் திருடராகவோ, அறிந்தே பெற்றவராகவோ இருப்பார் என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம். ஒரே பொருளுக்கு ஒருவரை இரண்டுமாக்கித் தண்டிப்பது கேள்விக்குரியது.

இரண்டாவது, மீட்பு. காவலர் முன் அளித்த ஒப்புதல் சான்றாகாது. பொருள் கண்டெடுக்கப்பட வழிவகுத்த பகுதி மட்டுமே ஏற்கப்படும். பிரிவி கவுன்சில் 1946-இல் புலுகுரி கோட்டய்யா வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. எல்லோரும் வந்துபோகும் திறந்தவெளியிலிருந்து பொருள் எடுக்கப்பட்டால் அது குற்றஞ்சாட்டப்பட்டவரின் வசம் இருந்ததாகாது என உச்ச நீதிமன்றம் திரிம்பக் வழக்கில் கூறியது.

மூன்றாவது, அடையாளம். இருளில் முன்பின் அறியாத ஒருவரைக் கண்ட சாட்சி, அணிவகுப்பு நடத்தப்படாமல் நீதிமன்றத்தில் முதன்முறையாக அடையாளம் காட்டுவது பலவீனமான சான்று.

இவை வெறும் நுணுக்கங்கள் அல்ல. மகாராஷ்டிரத்தில் 2003-இல் நடந்த கொள்ளை, கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் அறுவருக்கும் 2009-இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கண்ணால் கண்ட சாட்சி, காவல்துறையின் புகைப்படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அது விசாரிக்கப்படவே இல்லை. 2019 மார்ச் 5 அன்று அதே நீதிமன்றம் அறுவரையும் விடுவித்து, தலா 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தும் அதன் பார்வை ஒழியவில்லை.

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக 30 நாட்களுக்குள் அமர்வு நீதிமன்றத்திலும், அமர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 60 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய வேண்டும். மேல்முறையீடு மட்டுமே சிறையைத் தடுக்காது. தண்டனையை நிறுத்திவைக்கத் தனி மனு வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதற்குள் 30 நாட்கள் கடந்துவிடக் கூடாது என்பதே நம் முதல் பணி.