நான்காம் பொத்தானில் ஒரு நாகஸ்வரம்

அஸ்தம்பட்டியில் மாமா வீட்டு ஷோகேஸில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குப் பிறகு முழுக்க எண்கள். “1-2: ஸ்ட்ரிங்ஸ் 49, வால்யூம் 80, ரிவர்ப் 40. 1-3: புல்லாங்குழல் 74, ஆக்டேவ் +1.” மாமா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஆடி மாதம் சேலத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழா தொடங்கிவிட்டால் அவரைப் பகலில்தான் பார்க்க முடியும், அதுவும் தூங்கிக்கொண்டிருப்பார்.

மேடைக்காரருக்கு ஒரு சிக்கல் உண்டு. பல்லவி முடிந்ததும் வயலின்கள், நாலு வினாடியில் புல்லாங்குழல், பிறகு சரணம். இருப்பதோ ஒரு ஆள், ரெண்டு கை. பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடி முடித்ததும், பாடகி ஐந்தரைக் கட்டை கேட்பார். அதனால் குரல், சத்தம், எதிரொலி, கட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்து ஒரு பொத்தானில் சேமித்து வைத்துக்கொள்வார்கள். கீபோர்டில் அதற்குப் பெயர் ‘ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி’. சின்ன வயதில் அதை ஆர்டிஓ ஆபீஸ் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சொல் தேவாலயத்திலிருந்து வந்தது. பைப் ஆர்கனில் ஒவ்வொரு குழாய் வரிசைக்கும் ஒரு இழுகுமிழ் உண்டு. எதை இழுப்பது, எதைத் தள்ளி மூடுவது என்ற தேர்வுக்குப் பெயர்தான் ரெஜிஸ்ட்ரேஷன். 1851 லண்டன் பெரும் பொருட்காட்சியில் ஹென்றி வில்லிஸ் வைத்த ஆர்கனில், விசைப்பலகைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் ஒரு கூட்டம் குமிழ்கள் தாமாக நகரும். மாரியம்மன் மேடையில் மாமா தட்டிய பொத்தானுக்கு அதுதான் பாட்டன்.

மின்னணுக் காலத்தில் இந்த வசதி உடனே வந்துவிடவில்லை. 1970இல் வந்த மினிமூகில் திருகுகள்தான், நினைவு கிடையாது. ஒரு நல்ல ஓசை கிடைத்தால், திருகுகளின் படம் அச்சடித்த தாளில் ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1978இல் டேவ் ஸ்மித்தின் நிறுவனம் ‘புராஃபெட்-5’ஐக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த இசட்80 என்ற நுண்செயலி திருகுகளின் நிலையை எண்களாகப் படித்து, 40 ஓசைகளை நினைவில் வைத்தது. கரண்ட் போனாலும் அழியாமல் ஒரு சின்ன பாட்டரி காத்தது. காலேஜில் அதே தலைமுறையைச் சேர்ந்த 8085ஐ மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். இப்படி ஒரு வேலையும் அதற்கு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆசையாகப் படித்திருப்பேன்.

1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது, 32 ஓசைகளுடன். அதில் புது ஓசை செய்வது கடினம். பெரும்பாலானவர்கள் கம்பெனி போட்டுக் கொடுத்ததையே வாசித்தார்கள். அந்தப் பத்தாண்டின் பாடல்களில் திரும்பத் திரும்ப ஒரே எலெக்ட்ரிக் பியானோ கேட்பதற்கு அதுவே காரணம். சேமிக்கும் வசதி வந்தது, சேமிக்க ஆளில்லை.

1991இல் ஜப்பான், அமெரிக்கக் கம்பெனிகள் கூடி ‘ஜெனரல் மிடி’ என்று 128 ஓசைகளுக்குப் பொதுவான பட்டியல் போட்டன. அதில் 105 சிதார், 112 ஷெனாய். பாஞ்சோ உண்டு, ஸ்காட்லாந்துப் பைப் உண்டு. துப்பாக்கிச் சத்தத்துக்குக்கூட 128ஆவது இடம் கிடைத்தது. வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை.

ஆனால் கோயில் திருவிழாவில் நாகஸ்வரம் இல்லாமல் எப்படி ஒரு சாமி பாட்டை ஆரம்பிப்பது? மாமா ஷெனாயை எடுத்து ஒரு ஆக்டேவ் இறக்கினார். அதன்மேல் ஓபோவை மெல்லியதாகப் பூசினார். ரிவர்ப்பைக் குறைத்தார், நாகஸ்வரம் திறந்த வெளியில் ஊதும் வாத்தியம், ஹாலுக்குள் வாசிப்பதுபோல் கேட்கக்கூடாது என்பார். கமகத்துக்குப் பிட்ச் பெண்ட் சக்கரம். கமகம் பேசாது என்பது 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. அதே குறையை இடது கையால் உருட்டிச் சரிக்கட்டினார். பேங்க் 1, பொத்தான் 4. மாதக்கணக்கில் காதால் திருத்தித் திருத்தி அங்கேயே சேமித்துக்கொண்டிருந்தார்.

அதை அழித்தவன் நான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், லீவில் வந்திருந்தேன். கீபோர்டு ஏதோ கிறுக்குத்தனம் செய்கிறது என்றார். கடைசி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சரியாகும் என்று எங்கோ படித்திருந்தேன். சரியானது. கூடவே எல்லா பேங்குகளும் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பின. மறுநாள் இரவு கச்சேரி.

மாமா திட்டவில்லை. நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினார். நான் வாசிக்க வாசிக்க அவர் அழுத்தினார். 1-4 வந்தபோது நிறுத்தினேன். அந்த வரியில் ‘நாகஸ்வரம்’ என்று மட்டும் இருந்தது, எண்களே இல்லை.

“எழுதாம விட்டது என் தப்பு மாப்ள, விடு,” என்றார். மறுநாள் வெறும் ஷெனாயிலேயே வாசித்தார். கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாட்டு முழுக்க அவர் தலை குனிந்தே இருந்தது, எனக்குத் தெரிந்தது.

பல வருடம் கழித்துப் புது மாடல் வாங்கினார். பழையதன் கோப்பைப் புதியதில் ஏற்றித் தருகிறேன் என்று பெரிய தோரணையில் உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்தக் கோப்பில் ஓசை கிடையாது. ‘இத்தனையாம் நம்பர் ஓசையை எடு, இத்தனை சத்தம் வை’ என்ற குறிப்புகள்தான் இருக்கும். ஓசை கருவியின் சொந்தச் சிப்பில் இருக்கிறது. எங்கள் வேலையில் பாயிண்டர் என்போம். கருவி மாறினால் அந்த நம்பரில் வேறு யாரோ குடியிருப்பார்கள்.

இப்போது இந்தியாவுக்கென்றே ‘ஐ’ எழுத்து போட்டு, தபலாவும் தம்புராவும் வைத்து யமஹா கீபோர்டு விற்கிறது. 2019 முதல் சென்னைக்கு அருகிலுள்ள ஆலையிலேயே கீபோர்டு தயாரிக்கிறார்கள். மாமாவுக்குப் போன வருடம் அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு குரலாகத் தட்டிக் கேட்டார், ரிவர்ப்பைக் குறைத்தார், மறுபடி கேட்டார். அரை மணி நேரம் கழித்து, சேமிக்கும் பொத்தானில் கை வைக்கும் முன் என்னைப் பார்த்தார்.

“அந்த நோட்டை எடு. நாலாம் நம்பர்ல எழுது, சொல்றேன்.”