பாட்டனார் நட்ட மாமரம்

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலைதான் நம் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழனின் 921ஆம் ஆண்டுச் சாசனம் ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் வகுத்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. ஏரியைவிடத் தோட்டத்துக்கு இருமடங்கு ஆட்கள்!

கொட்டையிலிருந்து வளரும் மாங்கன்றில் தாய்மரத்தின் சுவை பெரும்பாலும் வாராது. போர்த்துகீசியர் கோவாவில் ஒட்டுக்கட்டுதலைப் பரப்பிய பின்னரே அல்போன்சா போன்ற இரகங்கள் மாறாமல் நிலைத்தன. நம் காலத்தில் மலிஹாபாத்தின் ஹாஜி கலீமுல்லாஹ் கான் ஒரே மரத்தில் 300க்கும் மேற்பட்ட இரகங்களை ஒட்டினார். 2008இல் பத்மஸ்ரீ பெற்றார்.

வீடு கட்டுவதற்காகப் பாட்டனார் நட்ட மரத்தை வெட்ட நேர்ந்தால், அதற்கு முன் சில குச்சிகளையேனும் காப்பாற்றலாம். பத்து நாள் முன்னரே குச்சியின் இலைகளைக் காம்பு விட்டுக் கிள்ளிவிட வேண்டும். பிறகு கொட்டைக்கன்றின் தண்டைக் குறுக்கே வெட்டி நடுவே பிளந்து, அதே பருமனுள்ள குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டவேண்டும். பட்டையோடு பட்டை பொருந்துவதே முக்கியம். முதல் சில ஒட்டுகள் காய்ந்துபோகும். கலீமுல்லாஹ் பதின்பருவத்தில் ஏழு இரகங்களை ஒட்டிய முதல் மரமும் பட்டுத்தான் போயிற்று.