பக்கிங்ஹாம் கால்வாயும் ஒரு பழைய புத்தகமும்

திருப்பாலைவனம், பழவேற்காடு வட்டாரத்துல பக்கிங்ஹாம் கால்வாயைத் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. 1806-ல பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினதுதான் ஆரம்பம். அப்புறம் பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல அரசாங்கம் எடுத்துக்கிட்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, நிவாரண வேலையா, கூவத்தையும் அடையாற்றையும் இணைச்சாங்க. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவோட பேர் ஒட்டிக்கிச்சு.

ஆக, எழுபது வருஷத்துக்கு மேல, துண்டு துண்டா, வேற வேற ஆட்கள் செஞ்ச வேலை. எந்த மதகு எங்கே, எங்கே என்ன ஆழம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? 1898-ல ஏ.எஸ்.ரஸ்ஸல் இந்தக் கால்வாயோட வரலாற்றைப் புத்தகமா எழுதினார். வருங்காலப் பராமரிப்புக்கு வழிகாட்டின்னு தலைப்புலயே போட்டிருக்கு!

சரி, இப்படி எழுதி வைக்கறதோட பலனை எப்படி அளக்கறது? தூர் வாரும்போது தெரிஞ்சுடும். பழைய அகலமும் ஆழமும் கையில இருந்தா, வேலை எவ்வளவு முடிஞ்சது, எவ்வளவு பாக்கின்னு சொல்லலாம். இல்லைன்னா லாரிக் கணக்குதான் மிஞ்சும்: அள்ளின மண்ணுக்குக் கணக்கு இருக்கும், தண்ணி ஓடுதாங்கறதுக்கு இருக்காது. அந்த நஷ்டம் யாருக்கு? கரையில வலையோட நிக்கறவங்களுக்குத்தான்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?