ஆட்டோவா? மீன்பாடி வண்டியா?

போன சனிக்கிழமை மகாபலிபுரம் பக்கம் போயிருந்தேன். (மாமல்லபுரம்னு எழுதணும், தெரியும். வாய்ல வர்றது என்னவோ மகாபலிபுரம்தான்.) ஈசிஆர் ஓரமா ஒரு டீக்கடை. ஆபீஸ் ஆணியெல்லாம் மறந்துட்டு ஒரு டீ சொல்லி உட்கார்ந்தா, டெக்சாஸ்லேர்ந்து போன். காலேஜ்ல என்கூட ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்தவன். அங்க போய் பைலட் லைசென்ஸ் வாங்கிட்டான். இப்ப சொந்தமா விமானம் கட்டப் போறானாம்.

"மச்சி, ஆர்வி-7 கிட் ஆர்டர் பண்ணப் போறேன்டா. ஒரே ஒரு கேள்வில மாட்டிக்கிட்டு நிக்கிறேன். வால்ல சக்கரமா, மூக்குல சக்கரமா? உங்க பெரியப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."

தெரியாதவங்களுக்கு: ஆரிகன் மாநிலத்துல வான்ஸ் ஏர்கிராஃப்ட்னு ஒரு கம்பெனி. அலுமினியத் தகடு, ரிவெட் எல்லாம் பெட்டில போட்டு அனுப்பிடுவாங்க. நாம வீட்டு கராஜ்ல வருஷக்கணக்கா உட்கார்ந்து கோக்கணும். ஒரே விமானம்தான், ஆனா ரெண்டு மாடல். ஆர்வி-7னா வால்சக்கரம். ஆர்வி-7ஏன்னா மூக்குச்சக்கரம். ஒண்ண வாங்கிட்டு அப்புறம் மனசு மாறினா திரும்ப மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல.

போனை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா, கடை வாசல்ல ஒரு ஆட்டோவும், பக்கத்துலயே ஐஸ் பெட்டி ஏத்தின மீன்பாடி வண்டியும் நிக்குது. ஆட்டோவுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. மீன்பாடிக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு. நண்பனோட மொத்தக் கேள்வியும் என் கண்ணு முன்னாடியே நின்னுட்டு இருந்துச்சு :-)

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேக்குறீங்களா? மாட்டு வண்டில பாரம் ஏத்தினவங்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். அச்சுக்கு முன்னாடி எடை விழுந்தா முன்பாரம், பின்னாடி விழுந்தா பின்பாரம். வால்சக்கர விமானம் பின்பார வண்டி. அதோட எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னாடி இருக்கு. ரன்வேயில ஓடும்போது மூக்கு லேசா ஒரு பக்கம் திரும்பினா, பின்னாடி இருக்குற எடை நேரா போகப் பார்க்கும், அதனால திருப்பம் இன்னும் அதிகமாகும். கவனிக்காம விட்டா பம்பரம் மாதிரி ஒரு சுத்து. இறக்கை நுனி தரையில உரசும், கால் ஒடியும். இதுக்குப் பேரு கிரவுண்ட் லூப். மூக்குச்சக்கர விமானம் முன்பார வண்டி. எடை மையம் பெரிய சக்கரங்களுக்கு முன்னாடி. கோணலா இறங்கினாலும் எடையே இழுத்து நேராக்கிடும்.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. காலேஜ்ல நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏரோமாடல் செஞ்சோம். வால்சக்கரம் வெச்சது. செங்கல்பட்டு பக்கம் கோடையில காஞ்சு கிடந்த ஒரு ஏரியில ஓட்டினோம். மூணாவது தடவை இறங்கும்போது ஒரு சுத்து சுத்தி இறக்கை ரெண்டா போச்சு. ஆறு மாச உழைப்பு, ரெண்டு செகண்ட். அப்ப அதுக்குப் பேரு கூட எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு போனது பால்சா மரம். இப்ப உள்ள உட்காரப் போறது அவன்.

அப்படின்னா வால்சக்கரத்தை முதல்ல எதுக்கு வெச்சாங்க? இங்கதான் வரலாறு வருது. அதுல பாதி நம்ம மாவட்டத்துலயே நடந்திருக்கு.

1910 மார்ச்சில் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர் கியாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வரைந்து சிம்சன் கம்பெனியில் கட்ட வைத்த ஒரு பைபிளேனைப் பல்லாவரத்தில் பறக்க விட்டார். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரம்தான். அப்போ ரன்வே என்ற ஒன்றே கிடையாது. விமானத் தளம் என்றால் மைதானம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து இறங்க வேண்டியதுதான். பக்கவாட்டுக் காற்று என்ற பிரச்சினையே பெரிதாக எழவில்லை.

பிறகு மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. இந்தியாவின் ஃபிளையிங் கிளப்புகளில் எல்லாம் மாத் வகை விமானங்கள்தான் ஓடின. டைகர் மாத்துக்கு முதலில் வாலில் சக்கரம்கூட இல்லை, ஒரு கட்டைதான். சக்கரங்களுக்கு பிரேக்கும் கிடையாது. அந்தக் கட்டை புல்தரையைக் கீறிக்கொண்டு வரும், அதுதான் பிரேக், அதுதான் நேராகப் போக வைப்பதும். 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்ததும், நெவில் வின்சென்ட் அதை மெட்ராஸ் வரை கொண்டு வந்ததும் வால்பக்கம் தாழ்ந்த ஒரு பஸ் மாத்தில்தான். அவர்கள் பயன்படுத்திய ஜுஹு தளம் மழைக்காலத்தில் சேறாகிவிடும். அந்த மாதிரித் தரையில் முன்னால் ஒரு சின்னச் சக்கரத்தை வைத்தால் அது குத்திக்கொண்டு நிற்கும். வால் தாழ்ந்து, மூக்கு தூக்கி, புரொப்பல்லர் தரையை விட்டு உயரமாக இருப்பதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

தரை மாறியபோது கதையும் மாறியது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் எடை கூடியது, உலகமெங்கும் காங்கிரீட் ரன்வேக்கள் வந்தன. காங்கிரீட்டுக்குத் திசை ஒன்றுதான். காற்று நம் வசதிக்கு அடிக்காது. மீனம்பாக்கத்தையே எடுத்துக்கோங்க. முக்கிய ரன்வேயோட பேரு 07/25. அதாவது ஒரு முனை கிட்டத்தட்ட 70 டிகிரி திசையைப் பார்க்குது. கோடை மதியத்துல கடல்காத்து கிழக்கு, தென்கிழக்குலேர்ந்து வரும். நேரா மூக்குல அடிக்காம வலது கன்னத்துல அடிக்கும். இன்னொரு ரன்வேயான 12/30 அந்தக் காத்தை ஏறக்குறைய நேரா பார்க்குது. ரெண்டு ரன்வே எதுக்குன்னு கேட்டா பதில் இதுதான். ஒரே ரன்வே இருக்கிற ஊர்ல பின்பார வண்டியை இறக்குறவர் பாடு திண்டாட்டம்.

இதை முன்கூட்டியே யோசித்தவர்களில் முக்கியமானவர் ஃபிரெட் வீக். அமெரிக்க அரசின் விமான ஆராய்ச்சிக் குழுவான நாகாவில் (நாசாவுக்கு முன்னோடி) இன்ஜினியர். 1930-களில் இவரும் கூட வேலை பார்த்தவர்களும் ஆபீஸ் முடிந்த நேரத்தில் டபிள்யூ-1 என்று ஒரு விமானம் கட்டினார்கள். (நாமளும் இருக்கோமே, ஆபீஸ் முடிஞ்சா வெப் சீரிஸ். அவ்வ்வ்.) சாதாரண ஆளும் பயமில்லாமல் இறக்கக்கூடிய விமானம் என்பதுதான் நோக்கம். மூன்று சக்கரத்தில் ஒன்று முன்னால். புதுக் கண்டுபிடிப்பு இல்லை, கிளென் கர்டிஸ் 1909-லேயே அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் அதைப் பாதுகாப்புக்கான வழியாக நிறுவிக் காட்டியது வீக். அதிலிருந்து 1937-ல் எர்கூப் பிறந்தது. போருக்குப் பிறகு மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். 1951-ல் பைப்பர் தன் பேசர் விமானத்தின் சக்கரத்தை முன்னால் மாற்றி ட்ரை-பேசர் ஆக்கியது. 1956-ல் செஸ்னா 170-க்குப் பதில் 172 வந்தது. இன்றுவரை 44,000-க்கு மேல் கட்டியாச்சு.

எச்.ஏ.எல். கதை வேறு மாதிரி. வி.எம். காட்கே வடிவமைத்த எச்டி-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. வால்சக்கரம். ஃபிளையிங் கிளப்புகளுக்காக 1958 செப்டம்பரில் வந்த புஷ்பக், அதுவும் வால்சக்கரம். அமெரிக்கா மாறிவிட்டதே, நாம் ஏன் மாறவில்லை என்று முதலில் எனக்கும் தோன்றியது.

சாயந்திரம் நேரா தாம்பரம் போயிட்டேன், பெரியப்பா வீட்டுக்கு. ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃபிரேம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். தாம்பரத்துல இருக்குற விமானப் பயிற்சியாளர் பள்ளி 1954-லேர்ந்து இங்கதான் இருக்கு. விமானம் ஓட்டக் கத்துக் கொடுக்குறவங்களுக்கே கத்துக் கொடுக்குற இடம். எச்டி-2 பறந்த காலத்தைப் பார்த்தவர். சந்தேகமே இல்லாம "வால்சக்கரம்தான்டா விமானம்"னு சொல்லுவார்னு நெனச்சேன்.

"எச்டி-2ல பையன் கால் தூங்கக் கூடாதுடா. தரையில தொட்டதும் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சு பெடலை விட்டான்னா போச்சு. ஓடி முடிச்சு நிக்கிற வரைக்கும் கால் பேசிட்டே இருக்கணும்" என்றார். பெரியம்மா காபி கொண்டு வந்து வெச்சாங்க. ஒரு வாய் குடிச்சுட்டுக் கேட்டார்: "சரி, உன் ஃபிரெண்டு எறங்கப் போற தரை என்ன தரை?"

இந்தக் கேள்விதான் மேட்டரே. அதுக்கப்புறம் எச்.ஏ.எல். கதையைத் திரும்பப் பார்த்தேன், வெளிச்சமாச்சு.

1972-ல் எச்.ஏ.எல். பசந்த் என்று ஒரு பூச்சிமருந்து தெளிக்கும் விமானம் பறக்க விட்டது. வயலோரத்து மண்தரையில் இறங்கி ஏற வேண்டியது. வால்சக்கரம். 1977 ஜனவரியில் அதே எச்.ஏ.எல். எச்பிடி-32 தீபக்கைப் பறக்க விட்டது. எச்டி-2-வின் இடத்துக்கு வந்த பயிற்சி விமானம். மூக்குச்சக்கரம். ஏனென்றால் அதில் கற்றுக்கொள்ளும் பையன் அடுத்து ஏறப் போவது கிரண், பிறகு மிக் என்று எல்லாமே மூக்குச்சக்கர ஜெட்கள், எல்லாமே காங்கிரீட். ஐந்தே வருட இடைவெளியில் ஒரே கம்பெனி இரண்டு பதில் சொன்னது. இதைவிட அழகு, ஃபிரெட் வீக்கே பிற்பாடு பைப்பர் கம்பெனியில் பானி என்ற பூச்சிமருந்து விமானத்தை வடிவமைத்தபோது அதற்கு வைத்தது வால்சக்கரம். மூக்குச்சக்கரத்தை ஊருக்கே சொன்ன மனுஷன்!

அதனால மூக்குச்சக்கரம்னா பாதுகாப்பு, வால்சக்கரம்னா வீரம்னு சொல்றது ரெண்டுமே பாதி உண்மைதான். 2000-களில் ஆர்வி மூக்குச்சக்கர மாடல்கள் சில, இறங்கி ஓடும்போது முன்கால் தரையில் குத்தி மடங்கிக் குப்புறக் கவிழ்ந்தன. அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அதை ஆராய்ந்தது, வான்ஸ் முன்கால் அமைப்பைத் திருத்தியது. தீபக் கதையும் தெரியும்தானே? சக்கரம் நல்ல சக்கரம்தான், ஆனா பறக்கும்போது இன்ஜின் நின்னுபோற பிரச்சினை. பல விபத்துகளுக்குப் பிறகு 2009-ல் பறப்பதையே நிறுத்தினார்கள். ஒரு ஆபத்தை அடைச்சா எல்லா ஆபத்தும் அடைபடாது.

ராத்திரி நண்பனுக்குப் போன் போட்டேன். அறிவுரை சொல்லல, மூணு கேள்வி கேட்டேன். எந்தத் தரை? எந்தக் காத்து? வேற யார் ஓட்டப் போறா?

தார் ரன்வே, ஒண்ணே ஒண்ணு. பெரும்பாலும் காத்து குறுக்க அடிக்குமாம். அவன் வீட்டம்மாவும் லைசென்ஸுக்குப் படிக்கிறாங்களாம். 1991 ஏப்ரலுக்கு முன்னாடியே வால்சக்கரம் ஓட்டி அனுபவம் இல்லாதவங்க அமெரிக்காவுல அதுக்குத் தனியா பயிற்சி எடுத்து கையெழுத்து வாங்கணும்.

"அப்ப 7ஏதானாடா?" என்றான். குரல்ல ஒரு வருத்தம். வால்சக்கரம் பார்க்க அவ்வளவு அழகு, எனக்கும் தெரியும்.

"ஏரியில போன இறக்கை ஞாபகம் இருக்கா மச்சி?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் சிரிச்சான். 7ஏவுக்கே டிக் போட்டுட்டான்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். தலையாட்டினார். "சரிதான். ஆனா கால் பேசுறது எப்படின்னு அவனை ஒரு தடவையாவது கத்துக்கச் சொல்லு" என்றார். 2018-ல் நம்ம விமானப்படைக்குப் பரிசாக வந்த 'பரசுராமா' டகோட்டாவும் வால்சக்கரம்தான். அதை இறக்குறதுக்குக் கால் பேசத் தெரிஞ்சவங்க வேணுமே.

டிஸ்கி: தாம்பரம், மீனம்பாக்கம் பக்கம் எச்டி-2, புஷ்பக் பறந்து பார்த்தவங்க, இல்ல வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டணும்.